நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது

ஒரு போரை எப்படி ஒழுங்காக நடத்த வேண்டும் என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த பெருமை எங்கள் தொலைக்காட்சி நிலையத்தையே சேரும். முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த அசல் உள்நாட்டுப் போரை நான் குறை சொல்ல வரவில்லை. அவரவருக்குத் தெரிந்த அளவில் செய்தார்கள். ஆனால் நிர்வாகம் போதாது. யார் எப்போது சுடுவார்கள் என்று முன்கூட்டியே யாரும் தெரிவிக்கவில்லை. செத்தவர்கள் எழுந்து டீ குடிக்க வரவில்லை. எங்கள் போர் அப்படியா? காலை ஏழு மணிக்குத் தொடக்கம், பத்தரைக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, ஆறு மணிக்கு எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட வேன். இருநூறு பகுதி ஓடியும் ஒருவருக்குக்கூடச் சுளுக்கு பிடித்ததில்லை.

தொடரின் பெயர் 'இரு வாசல் வீடு'. ஒரே வீடு. அண்ணன் முன்வாசல் வழியாகப் போய் ஒரு பக்கம் சேர்கிறான். தம்பி பின்வாசல் வழியாகப் போய் இன்னொரு பக்கம் சேர்கிறான். அம்மா நடுக்கூடத்தில் நின்று அழுகிறாள். வாரத்துக்கு ஐந்து நாள் அழுகிறாள். சனி, ஞாயிறு அவளுக்கு ஓய்வு.

எந்தப் பக்கம் எது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்ல மாட்டோம். அதற்கென்றே 'சமநிலைக் குழு' என்று ஒன்று இருக்கிறது. நிலையத்தின் தலைவர், சட்டப் பிரிவு வக்கீலம்மா, இயக்குநர், நான். நாலு பேரும் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கூடுவோம். இரண்டு பக்கத்து மனமும் புண்படாமல் ஒரு போரை நடத்துவது எங்கள் பொறுப்பு. மனம் புண்படாமல் எப்படிப் போர் என்று கேட்கிறவர்கள் எங்கள் கூட்டத்துக்கு ஒருநாள் வந்து உட்கார வேண்டும்.

சீருடைக்கு மட்டும் மூன்று கூட்டம். பச்சை என்றால் ஒரு பக்கம் கோபிக்கும், சாம்பல் என்றால் மறுபக்கம். கடைசியில் இரண்டு படைக்கும் ஒரே மண் நிறம் என்று முடிவானது. இந்தப் பக்கத்துக்குச் சட்டைப் பை இடதுபுறம், அந்தப் பக்கத்துக்கு வலதுபுறம். உடைப் பிரிவில் தையல் அக்கா என்று ஒருத்தர். காலையில் இடதுபக்கம் பை தைப்பார். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்து வலதுபக்கம் தைப்பார். ஒன்றரை மணிக்கு எதிரிப் படை தயார்.

ஆட்களும் அப்படித்தான். துணை நடிகர்களில் ஒருவருக்கு 'டபுள்' என்று பட்டப்பெயர். காலையில் இந்தப் பக்கம், மதியம் அந்தப் பக்கம். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"சார், காலையில என்னை ஒருத்தன் சுட்டுட்டான். யாருன்னு பார்த்துச் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி மூஞ்சி வைக்கணும்ல."

அட்டவணையைப் பார்த்தேன். மதியம் எடுக்கப்போகும் காட்சியில் சுடுவதும் அவரேதான்.

"அப்ப நான் கோபமா இருக்கணுமா, வருத்தமா இருக்கணுமா?"

குழுவில் வைத்தோம். 'குடும்ப விஷயம், பொதுவான முகம் வைத்துக்கொள்ளவும்' என்று தீர்மானம் போட்டோம்.

சாவிலும் சமநிலை உண்டு. இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. ஒருமுறை இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"தலைவரே, இந்த வாரம் இந்தப் பக்கம் ரெண்டுதான் வருது. அந்தப் பக்கம் மூணு ஆயிடுச்சு."

"இதுல ஒண்ணைக் கூட்டுங்க."

"கதையில ஆள் இல்லைங்க. பால்காரர்தான் மிச்சம்."

"பால்காரர் எந்தப் பக்கம்?"

"அவர் எந்தப் பக்கமும் இல்லையே. பால் ஊத்துறவரு."

"செத்ததுக்கப்புறம் நாம எந்தப் பக்கம்னு சொல்றோமோ அந்தப் பக்கம்தான்" என்றார் தலைவர். அசல் போரிலும் இப்படித்தான் செய்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

'போர்' என்ற சொல்லுக்கும் தடை. அதற்குப் பதில் 'கருத்து வேறுபாடு'. நூற்றி இருபதாம் பகுதியில் அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என் ரெண்டு புள்ளைங்களையும் கருத்து வேறுபாடு கொண்டுபோயிடுச்சே" என்று கதறியபோது கேமராக்காரரே அழுதுவிட்டார். சிரித்துத்தான் கண்ணீர் வந்தது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் எங்கேதான் இல்லை.

இனி என்னைப் பற்றி. தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல. ஆனால் வேறு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நான் நிலையத்தின் 'சம்மதம் மற்றும் பெறுதல் அலுவலர்'. வெளியிலிருந்து எந்தப் பொருள் படப்பிடிப்புக்கு வந்தாலும், பழைய கடிகாரமோ மூக்குக்கண்ணாடியோ, என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாங்கும்போது ரசீது தருவேன். திருப்பித் தரும்போது ரசீதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். எல்லோரும் என்னை 'ரசீது சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் சொல்வார்கள், அது இங்கே வேண்டாம்.

மனிதன் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்தது எது என்று கேட்டால் ரசீது என்றுதான் சொல்வேன். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். சத்தியம் பண்ணியவன் மறந்துவிடுவான். ரசீது அப்படியே நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல்நாள் சொல்லும் வார்த்தை இதுதான்: ரசீது கொடுத்துவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

என் கையெழுத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக ஒரே கையெழுத்து. தொடக்கத்தில் ஒரு சுழி, அதிலிருந்து ஒரு நீளக் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. முதல் புள்ளி, எழுதியதைப் படித்துப் பார்த்தேன் என்பதற்கு. இரண்டாவது புள்ளி, அதற்கு நானே பொறுப்பு என்பதற்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாக வைத்துக்கொண்டது.

இங்கே வருவதற்கு முன்னால், அந்தக் 'கருத்து வேறுபாட்டுக் காலத்தில்', நான் ஓர் அலுவலகத்தில் பெறுதல் பிரிவில் எழுத்தராக இருந்தேன். எந்தப் பக்கத்து அலுவலகம் என்று சமநிலை கருதிச் சொல்லாமல் விடுகிறேன். இரண்டு பக்கமும் படிவம் ஒன்றுதான். உள்ளே வருவது எங்கள் பிரிவு. வெளியே அனுப்புவது வேறு பிரிவு. அது கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது, நான் அந்தப் பக்கம் போனதில்லை. கருத்து வேறுபாடு தீர்ந்த கையோடு ஆவண அறையில் வெள்ளம் புகுந்து நகல்கள் எல்லாம் போய்விட்டன. அந்த மாதம் மழை பெய்யவில்லை என்பார்கள். வெள்ளத்துக்கு மழை கட்டாயம் என்று விதி ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

இருநூற்றுப் பத்தாம் பகுதிக்கு இயக்குநர் ஒரு சுவர் கேட்டார். காணாமல் போனவர்களின் புகைப்படங்கள் ஒட்டிய சுவர். அம்மா அதன்முன் நின்று, ஒரு படத்தைத் தடவி அழ வேண்டும். "அசல் படம் வேணும் தலைவரே. அசலா இருந்தாத்தான் மனசுல குத்தும்" என்றார். அசல் மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை என்பதால் தலைவரும் ஒப்புக்கொண்டார். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினோம்: 'காணாமல் போன உறவினர் உள்ள ஊழியர்கள் நல்ல தெளிவான புகைப்படம் கொடுத்து உதவவும். ரசீது வழங்கப்படும்.'

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் தையல் அக்கா வந்தார்.

ஐம்பத்துநாலு, ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் வாயில் இரண்டு குண்டூசி இருக்கும். அதுவரை அவருக்கும் எனக்கும் அலுவல் தொடர்பு இருந்ததில்லை, துணிகள் எல்லாம் கிடங்கு வழியாகப் போகும். அன்றைக்குக் குண்டூசி இல்லாமல் வந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார். மீசை அரும்பிய ஓர் இளைஞன். சட்டைக் காலர் ஒருபக்கம் மடிந்திருந்தது.

"தம்பி சார். பத்தொன்பது வயசுல எடுத்தது. இது ஒண்ணுதான் இருக்கு."

"இதுவரைக்கும் எங்கயும் குடுத்ததில்லையா?"

"இல்ல சார். கையை விட்டுப் போயிடும்னு பயம். டி.வி.ன்னா ஊர் பூரா பார்க்கும்ல. எங்கயாவது இருந்தான்னா அவனே பார்ப்பான். இல்ல, அவனைத் தெரிஞ்சவங்க பார்ப்பாங்க. ரெண்டு நிமிஷம் வேண்டாம் சார், ரெண்டு நொடி காட்டினாப் போதும்."

நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். 'புகைப்படம் ஒன்று. நிலை: நல்ல நிலையில் (வலது மூலை மடங்கியுள்ளது). பணி முடிந்ததும் திருப்பித் தரப்படும்.' சுழி, கோடு, இரண்டு புள்ளி. கிழித்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிப் படித்தார். படித்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

"சார் இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"அரசாங்கம் மாதிரி ஓர் இடம்மா. பெறுதல் பிரிவு."

"அங்கயும் ரசீது குடுப்பீங்களா?"

"குடுக்காம? ரசீது குடுத்துட்டா பொருளைத் திருப்பிக் குடுத்தே ஆகணும்மா. நீங்க நிம்மதியாப் போங்க."

அவர் என் முகத்தையும் வழுக்கையையும் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்தார். ரசீதை நாலாக மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மடிப்பைப் பிரித்து, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு போனார். நம்மிடம் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா கொடுத்ததைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் குழுவில் வைத்தேன். வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"படத்துல இருக்கிறவங்க சம்மதம் எங்க?"

"குடும்பத்துல குடுத்திருக்காங்களே" என்றார் இயக்குநர்.

"முகம் குடும்பத்தோடதா? முகத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். நாளைக்கே வந்து, 'என் படத்தை என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்க'ன்னு கேஸ் போட்டா?"

"காணாமப் போனவங்க வந்து கேஸ் போடுவாங்களா?"

"போட மாட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. நான் விட்டுர்றேன்."

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே முறைப்படி பன்னிரண்டு சம்மதப் படிவங்களைப் பதிவுத் தபாலில், காணாமல் போன பன்னிரண்டு பேருக்கும், அவர்கள் கடைசியாக வசித்த முகவரிக்கே அனுப்பினேன். 'தாங்கள் பத்து நாட்களுக்குள் அடையாள அட்டையுடன் நேரில் வந்து கையொப்பமிடவும். வரத் தவறினால் தங்கள் படம் காணாமல் போனோர் சுவரில் இடம்பெறாது.' இதைவிடத் தெளிவாக ஒரு கடிதம் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் தையல் அக்கா அந்தக் கடிதத்தோடு வந்தார். உறை பிரிக்கப்படவில்லை.

"சார், தம்பி பேருக்குத் தபால் வந்திருக்கு. முப்பது வருஷத்துல அவன் பேருக்கு வந்த முதல் தபால். தபால்காரர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"நான்தாம்மா அனுப்பினேன். அதே வீட்டிலேயா இருக்கீங்க?"

"அவன் வந்தா தேடக் கூடாதுன்னு மாத்தல."

உறையைப் பிரித்து விவரத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டான்னா, அப்புறம் எதுக்கு சார் படம்?"

நியாயமான சந்தேகம். வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். "அவர் வந்துட்டார்னா காணாமப் போனவர்ங்கிற தகுதி போயிடும். அப்ப அந்தச் சுவர்ல வைக்க முடியாதுதான்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். சட்டம் எப்போதும் நியாயத்தின் பக்கம்தான். "வேற ஒரு வழி இருக்கும்மா. இறப்புச் சான்றிதழ். இறந்தவருக்காக நெருங்கின உறவு கையெழுத்துப் போடலாம். நீங்க அவர் இறந்துட்டார்னு ஒரு வாக்குமூலம் குடுத்தா, சான்றிதழ் நாங்களே ஒரே நாள்ல வாங்கித் தர்றோம்."

தையல் அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணும். அப்பதான், உயிரோட இருந்தா பார்த்துட்டு வரட்டும்னு நீங்க படத்தைப் போடுவீங்க. அப்படித்தானே மேடம்?"

"கரெக்ட்" என்றார் வக்கீலம்மா. படிக்காதவர்கூட இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில் அவருக்குச் சந்தோஷம்.

"எங்கம்மா சாகும்போதுகூட அந்தத் தாள்ல கை வைக்காதேன்னு சொல்லிட்டுச் செத்தாங்க. சான்றிதழ் தர்றோம்னு எத்தனையோ பேர் வந்தாங்க, வாங்கல. இப்ப ரெண்டு நொடிக்காக வாங்கணுமா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது, சம்மதங்கள் வரவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட வந்து கையெழுத்துப் போடவில்லை. 'சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதினேன். வாக்குமூலமும் யாரும் தரவில்லை.

இயக்குநர் தலையில் கை வைத்தார். திங்கட்கிழமை படப்பிடிப்பு. சுவர் வெறுமையாக நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இந்த மாதிரி யோசனைகள் எனக்கு எப்போதும் சாப்பிட்ட பிறகுதான் உதிக்கும்.

"நம்ம ஊழியர்கள் படத்தையே ஒட்டிட்டா? இளவயசுப் படம். எல்லாரும் கண்ணெதிர்ல இருக்காங்க. சம்மதம் அஞ்சு நிமிஷத்துல வாங்கிடலாம்."

"ஆனா யாரும் காணாமப் போகலையே" என்றார் இயக்குநர்.

"அதனாலதான் சட்டச் சிக்கல் இல்ல" என்றார் வக்கீலம்மா.

தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அதுவரை அவர் யார் கையையும் குலுக்கியதில்லை.

திங்கட்கிழமை சுவர் தயாரானது. கணக்குப் பிரிவு, வாகனப் பிரிவு, மேக்கப் அறை, எல்லோரும் இளமையோடு காணாமல் போயிருந்தார்கள். டபுள் இரண்டு இடத்தில் காணாமல் போயிருந்தார், பக்கத்துக்கு ஒன்று. நான் கொடுத்தது இருபத்தாறு வயசுப் படம். தலை நிறைய முடி, நடுவகிடு, அடர்ந்த மீசை. அன்றைய அலுவலக அட்டைக்கு எடுத்தது. கண் நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் அதை மூன்றாம் வரிசையில் நடுவில் வைத்தார்.

அந்த அம்மா நடிகை வந்து நின்றார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் படத்துக்கு நேரே நின்று, விரலால் என் கன்னத்தைத் தடவி, "எங்க கொண்டு போனாங்கடா உன்னை?" என்று கேட்டார். படப்பிடிப்புத் தளமே அழுதது. நானும் அழுதேன். என்னை நானே இழந்தது போல இருந்தது.

தையல் அக்கா விளக்குகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நடிகையின் தோளில் ஒரு தையல் விட்டுப்போனதால் கூப்பிட்டிருந்தார்கள். ஊசி கையிலேயே இருந்தது. அவர் நடிகையைப் பார்க்கவில்லை. என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி படத்தை. தம்பி படம் அங்கே இல்லையே என்ற வருத்தமாக இருக்கும் என்று நினைத்து, 'நான் என்ன செய்ய முடியும்' என்கிற பாவனையில் கையை விரித்துக் காட்டினேன்.

பகுதி ஒளிபரப்பானது. இப்படி ஒரு வரவேற்பை நிலையம் கண்டதில்லை. பிரிந்த குடும்பங்களை எங்கள் தொடர் சேர்த்துவைப்பதாகக் கடிதங்கள் குவிந்தன. என் வீட்டம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எனக்காக அழுதாள். 'உண்மையைத் துணிச்சலாகக் காட்டியதற்காக' ஒரு விருதும் வந்தது. வாங்கப் போகும்போது தலைவர் என்னையும் கூட்டிப்போனார்.

விருது வந்த மறுநாள் காலை, பதினோரு மணி இருக்கும், நிலுவையில் இருந்த பன்னிரண்டு படங்களையும் திருப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். அதில் நான் ஒருநாளும் தாமதம் வைப்பதில்லை. முதலில் தையல் அக்காவைக் கூப்பிட்டனுப்பினேன்.

வந்தார். படத்தைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பார்த்துக்கோங்கம்மா. வலது மூலை மடங்கினது மட்டும்தான். நீங்க குடுத்தப்பவே அப்படித்தான் இருந்தது."

"ஆமா சார். குடுத்த மாதிரியே இருக்கு."

ரசீதை நீட்டினார். வாங்கி, குறுக்கே கோடு போட்டு, 'திருப்பித் தரப்பட்டது' என்று எழுதினேன். இப்படி எழுதும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. அதை அவரிடமும் சொன்னேன்.

"பார்த்தீங்களா? ரசீது குடுத்தா பொருள் திரும்பி வந்தே தீரும்."

"இதே வார்த்தையைத்தான் சார் அன்னிக்கும் சொன்னீங்க."

"அதான், படம் வாங்கும்போது சொன்னேனே."

"அன்னிக்கு இல்ல சார்."

தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் ஒரு தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தது. தைத்த கை நல்ல கை, எழுத்தில் ஒன்றின்மேலும் நூல் ஏறவில்லை. என் முன்னால் வைத்துத் திருப்பினார்.

'நபர் ஒன்று (ஆண், 19). நிலை: நல்ல நிலையில். விசாரணை முடிந்ததும் திருப்பித் தரப்படும்.'

கீழே ஒரு சுழி. நீளக் கோடு.

"படம் குடுத்த அன்னிக்கே கையெழுத்தைப் பார்த்துட்டேன் சார். அப்படியும் சந்தேகம். ஒரே மாதிரி ரெண்டு பேர் போடலாம்ல? சுவர்ல உங்க படத்தைப் பார்த்ததும் சந்தேகம் போயிடுச்சு. நடுவகிடு, மீசை எல்லாம் அப்படியே."

நான் தண்ணீர் குடித்தேன். டம்ளரில் தண்ணீர் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"அம்மா, அப்ப என் வேலை பேர் எழுதி வாங்கிக்கிறது மட்டும்தான். உள்ளே வர்றதுதான் எங்க பிரிவு. வெளியே அனுப்புறது வேற பிரிவு. அது பின்பக்கம் இருந்தது. அங்க என்ன நடந்ததுன்னு எனக்கு..."

"பின்பக்கத்துல யாரையும் எனக்குத் தெரியாது சார். நான் அவனைக் குடுத்தது உங்ககிட்ட." குரல் உயரவில்லை. பை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்கிற அதே குரல்தான். "அவங்க வந்து இழுத்துட்டுப் போகல. பதினாறுலேர்ந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும் எல்லாரும் வந்து பதிவு பண்ணணும்னு வண்டியில சொல்லிட்டுப் போனாங்க. அவன் பயந்தான். ஓடிடறேன்க்கான்னான். நான்தான் விடல. தெருக்கோடி ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் ரசீது குடுக்கறாருடா, திருப்பிக் குடுக்கறவங்கதானேடா ரசீது குடுப்பாங்கன்னு சொன்னேன். கையைப் பிடிச்சு நானே கூட்டிட்டு வந்தேன். காலர் மடிஞ்சிருந்தது. சரி பண்ணிவிட்டு உங்க முன்னாடி நிறுத்தினேன். அழுதேன்னு நீங்க கோபப்படல. 'ரசீது குடுத்தா திரும்பி வந்தே தீரும், பத்திரமா வெச்சுக்கம்மா'ன்னு தன்மையாச் சொன்னீங்க. பத்திரமா வெச்சிருக்கேன்."

இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று அலுவலகத்தில் சில வாக்கியங்கள் உண்டு. 'கவனிக்கப்படும்' என்று ஒன்று. 'உரிய பிரிவுக்கு அனுப்பப்படும்' என்று ஒன்று. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இது... இது அந்தக் காலத்து ரசீதும்மா."

"செல்லாதுங்களா சார்? எங்க தப்பா இருக்குன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் தம்பியின் படம். அவசரம் ஒன்றும் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"ரசீது கொண்டு வந்திருக்கேன் சார். என் தம்பியைக் குடுங்க."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வருஷ அனுபவத்தையும் கூட்டிவைத்து, அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். தேதி இருந்தது. முத்திரை இருந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் இருந்தன. இரண்டாவது, பொறுப்புக்கு என்று சொன்னேனே, அது நன்றாக அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த ரசீதில் ஒரு குறையும் இல்லை.